கால்பந்து கிளப்களில் முதலாளிகள் போடும் பணம்: முதலீடா, கடனா?

ஒரு கால்பந்து கிளப்பைப் பெரும் செல்வந்தர் வாங்கினார் என்று செய்தி வந்தால், 'எத்தனை கோடி கொட்டினார்?' என்றே நாம் முதலில் கேட்கிறோம். அந்தப் பணம் கிளப்புக்குள் எந்த வடிவில் வந்தது என்று கேட்பதில்லை. கிளப்பின் எதிர்காலம் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. இங்கிலாந்தின் அனுபவத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

பங்காக வரும் பணம்

2008இல் அபுதாபியின் ஷேக் மன்சூருக்குச் சொந்தமான நிறுவனம் மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. அவர் தந்த பணத்தில் பெரும்பகுதி பங்குகளாக மாற்றப்பட்டது. பங்காக வந்த பணத்தைக் கிளப் திருப்பித் தர வேண்டியதில்லை. வட்டிச் சுமையும் இல்லை. 2021இல் நியூகாஸில் யுனைடெட்டை வாங்கிய சவூதியின் பொது முதலீட்டு நிதியமும் அதன் பங்காளிகளும் இதே வழியில் பணம் போட்டனர்.

முதலாளி தரும் கடன்

2003இல் செல்சியை வாங்கிய ரோமன் அப்ரமோவிச், சுமார் 150 கோடி பவுண்டை வட்டியில்லாக் கடனாகத் தந்தார். கோப்பைகள் குவிந்தன. வட்டி இல்லையென்றாலும் கடன் கடன்தான். கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். உக்ரைன் போருக்குப் பின் 2022இல் அவர் மீது பிரிட்டன் தடை விதித்தது. கடனைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று அவர் முன்பே அறிவித்திருந்ததால், கிளப் 250 கோடி பவுண்டுக்குப் புதிய கைக்கு மாறித் தப்பித்தது. ஒரு தனிமனிதரின் முடிவை நம்பியே அந்தக் கிளப் அன்று நின்றது.

கிளப்பின் தலையில் ஏறும் கடன்

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது. வாங்குவதற்குப் பெற்ற கடனில் பெரும்பகுதி, அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப்பின் மீதே ஏற்றப்பட்டது. ரசிகர்களின் டிக்கெட் பணமும் தொலைக்காட்சி வருமானமும் ஆண்டுதோறும் வட்டிக்குப் போயின. மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் அதே ஆண்டில் தங்களுக்கென ஒரு தனிக் கிளப்பையே தொடங்கினர்.

பணம் வற்றினால்?

1885இல் தொடங்கி, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்ற பரி கிளப், கடனில் சிக்கி 2019இல் லீகிலிருந்து நீக்கப்பட்டது. ஊர் மக்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம் இல்லாமல் போனது.

விதிகள்

மூன்று ஆண்டுகளில் அதிகபட்ச நட்டம் 10.5 கோடி பவுண்டு என்று பிரீமியர் லீக் வரம்பு வைத்தது. அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட நட்டத்தை, முதலாளி திரும்பக் கேட்காத பணத்தால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. வரம்பை மீறிய எவர்டனுக்கு 2023இல் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இளையோர் பயிற்சி, மகளிர் அணி, மைதானம் ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஜெர்மனியிலோ, சில விதிவிலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். வந்தது பங்கா, கடனா? அந்தக் கடன் யார் தலையில்? முதலாளி நாளை விலகினால் கிளப் தன் வருமானத்தில் நிற்குமா? முதலாளிகள் வருவார்கள், போவார்கள்; கிளப் அந்த ஊருடையது.