ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பும் முறைமைச் சிந்தனையும்

ஒரு சிக்கலின் கூறுகள் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்று முழுமையாக நோக்குவது முறைமைச் சிந்தனை எனப்படும். பல துறையினர் கூடி முடிவெடுக்க இது உதவியதற்கு நெதர்லாந்தின் ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகம் ஓர் எடுத்துக்காட்டாகும்.

1953 சனவரி 31 இரவு வீசிய புயலில் வடகடல் பொங்கிக் கரைகளை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தனர். 1958ஆம் ஆண்டின் டெல்டா சட்டத்தின்படி ஓஸ்டர்ஸ்கெல்டேயை அணையிட்டு மூடத் திட்டமிடப்பட்டது. மூடினால் ஊர்கள் பிழைக்கும். ஆனால் ஓதம் நின்று, சிப்பி வளர்ப்பும் பறவைகள் இரைதேடும் சேற்றுநிலங்களும் அழியும். மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தனர்.

1975இல் நெதர்லாந்து அரசின் நீர்ப்பணித் துறையும் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனமும் கூட்டாய்வைத் தொடங்கின. முழுவதும் மூடுவது, திறந்துவிட்டுக் கரைகளை உயர்த்துவது, புயலின்போது மட்டும் மூடும் மதகுகள் அமைப்பது ஆகிய மூன்று வழிகள் ஒப்பிடப்பட்டன. பாதுகாப்பு, செலவு, மீன்வளம், உயிர்ச்சூழல் முதலியவற்றின் விளைவுகளை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டாமல், அட்டவணையில் அருகருகே வைத்தனர். எல்லா வகையிலும் சிறந்த வழி எதுவுமில்லை என்பது அதில் தெரிந்தது. எதைப் பெற எதை இழக்கலாம் என்ற தெரிவு அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் விடப்பட்டது.

1976இல் நாடாளுமன்றம் மதகுகளைத் தேர்ந்தது. 62 மதகுகள் கொண்ட தடுப்பு 1986 அக்டோபர் 4 அன்று திறக்கப்பட்டது. ஓதம் தொடர்கிறது, எனினும் அதன் வேகம் குறைந்ததால் மணல்திட்டுகள் மெல்லக் கரைந்து வருகின்றன. ஒரு முடிவோடு முறைமை நின்றுவிடுவதில்லை. தொடர்ந்து கவனிப்பதும் முறைமைச் சிந்தனையின் பகுதியே.