இறைவனும் இறைவரியும்

இறை என்னும் ஒரு சொல்லே தமிழிற் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். மூன்று பொருளும் ஒரு சொல்லினுள்ளே பகையின்றி வாழ்கின்றன. மாந்தர் வாழ்விலோ அவை எப்பொழுதும் இணங்கி நிற்பதில்லை. கடவுள் விலக்கியதென்று தாம் நம்பும் ஒன்றுக்காக அரசு பொருள் கேட்குமாயின் அடியவர் யாது செய்வர்? ஐக்கிய அமெரிக்காவில் வாழும் அமிஷ் என்னும் சிறு கிறித்தவக் கூட்டத்தார் இவ்வினாவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்நோக்கினர். வரியை எதிர்த்து நீதிமன்றம் ஏறுவதும் அவர்களுடைய சமயத்துக்கு ஒவ்வாத செயல் என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

சுவிற்சர்லாந்திலும் அதனை அடுத்த நாடுகளிலும், வயது வந்தோர்க்கே ஞானஸ்நானம் எனக் கொண்டமையாற் பெருந்துன்பம் அடைந்த ஒரு சபையிலிருந்து, 1693 ஆம் ஆண்டளவில் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையிற் பிரிந்தவர்கள் அமிஷ் மக்கள். அவர் பெயரே சபைக்கும் பெயராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே கடல் கடந்து பென்சில்வேனியாவிற் குடியேறினர். அவர்களுள் பழைய முறையைக் கைவிடாதோர் இன்றும் குதிரை வண்டியிற் செல்கின்றனர்; எளிய உடை அணிகின்றனர். ஒருவருடைய களஞ்சியம் தீப்பற்றி அழிந்தால் அயலவர் அனைவரும் திரண்டு புதியதொன்றை எழுப்பிக் கொடுப்பர். நோயாளிக்கும் முதியோருக்கும் சபையே துணை. ஆதலினால் அவர்கள் காப்புறுதி செய்வதில்லை. தன் வீட்டாரைப் பேணாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் ஆவான் என்னும் கருத்துப்படப் பவுல் திமோத்தேயுவுக்கு எழுதியதை அவர்கள் சொல்லுக்குச் சொல் ஏற்பவர்கள். முதுமைக்கு அரசாங்கத்தின் கையை எதிர்பார்ப்பது கடவுளிடத்தும் சகோதரரிடத்தும் வைத்த நம்பிக்கையைக் கைவிடுவதாகும் என்பது அவர்கள் எண்ணம்.

இவர்கள் வரி கொடாதோர் என எண்ணுதல் தவறு. வருமான வரி, நில வரி யாவற்றையும் செலுத்துகின்றனர். தம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி நடத்திக்கொண்டே, அரசினர் பள்ளிகளுக்கான வரியையும் கொடுக்கின்றனர். அரசுக்கு உரியதை அரசுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அவர்களுக்கும் வேதமே. அவர்கள் மறுத்தது ஒன்றையே. 1935 இல் ஏற்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உழைக்குங் காலத்தில் வரி செலுத்தியவர் முதுமையில் ஓய்வூதியம் பெறுவர். தொடக்கத்தில் இச்சட்டம் கமக்காரரைத் தொடவில்லை. 1955 முதல் சொந்தக் கமம் செய்வோரும் அதனுள் அடக்கப்பட்டனர். பெயரில் வரியாயினும் அது காப்புறுதியே என்றனர் அமிஷ் மக்கள். தமக்கு வரக்கூடிய ஓய்வூதியத்தையும் வேண்டாமென்றே மறுத்தனர். கொடுக்க மறுப்போரை எந்த அரசும் அறியும். பெறவும் மறுப்போரை எவ்வாறு நடத்துவதென்பது இறைவரி அதிகாரிகளுக்குப் புதிய சிக்கலாயிற்று.

வங்கியிற் பணம் வைத்திருந்தோரின் கணக்கிலிருந்து வரியை எடுத்துக்கொள்ளுதல் எளிதாயிருந்தது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியிலுள்ள நியூ வில்மிங்டன் என்னும் ஊரில் வாழ்ந்த வலன்டைன் பைலர் என்னும் கமக்காரரிடம் அத்தகைய கணக்கு இல்லை. 1956 முதல் 1959 வரையான நான்கு ஆண்டுகளுக்கு அவர் செலுத்தவேண்டியிருந்தது 308 டொலர் 96 சதம். 1961 ஏப்ரலில், இளவேனில் உழவு நடந்துகொண்டிருந்த வேளையில், அதிகாரிகள் அவருடைய வயலுக்கு வந்து மூன்று குதிரைகளைக் கைப்பற்றிச் சென்றனர். மே முதலாம் நாள் அவை ஏலத்தில் 460 டொலருக்கு விலைபோயின. வரியைக் கழித்து, குதிரைகளைக் கொண்டுசென்றது, தீனியிட்டது முதலிய செலவுகளுக்காக 113 டொலர் 15 சதத்தையும் கழித்து, மிகுதி 37 டொலர் 89 சதத்தைப் பைலரிடம் திருப்பிக் கொடுத்தனர். கணக்கு ஒரு சதமும் பிழையில்லை. உழவு இயந்திரத்தைத் தீண்டாத ஒருவனிடமிருந்து விதைப்புக் காலத்திற் குதிரைகளைப் பிரித்தால் என்ன எஞ்சும் என்பது மட்டும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

செய்தி நாடெங்கும் பரவிற்று, பத்திரிகைகள் சினந்தெழுந்தன. அமிஷ் மூத்தோர் வாஷிங்டன் சென்று முறையிட்டதன்மேல், இறைவரித் திணைக்களம் அவ்வாண்டிலேயே இத்தகைய பறிமுதல்களை நிறுத்தி வைத்தது. இவ்வரி அரசியலமைப்புக்கு அமைவானதா என்பதை நீதிமன்றத்தில் அறுதியிட்டுக்கொள்வது என்பதே அப்போதைய ஏற்பாடு. பைலரின் பெயரால் வழக்கும் தொடுக்கப்பட்டது. ஆயினும் சகோதரர் மன உறுத்தல் கொண்டனர். நீதிமன்றத்தில் வழக்காடுவதைவிட அநீதியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று கொரிந்தியருக்குப் பவுல் கூறிய அறிவுரை அவர்கள் முன் நின்றது. சமயத்தைக் காப்பதற்காகச் சமயத்தை மீறுவதா? 1963 இல், விசாரணைக்கு முன்பே, வழக்கு மீளப்பெறப்பட்டது. வெல்லத்தக்க வழக்கை விட்டுவிட்டனர் என வருந்தியோர் உண்டு. வென்றிருப்பர் என்பதும் ஐயமே என்பதைப் பின்னைய நிகழ்ச்சிகள் காட்டும்.

நீதிமன்றம் தீர்க்காததைச் சட்டமன்றம் ஒருவாறு தீர்த்தது. 1965 ஜூலை 30 ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட முதியோர் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திலே ஒரு சிறு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. 1950 ஆம் ஆண்டின் இறுதிநாள் தொட்டு இடைவிடாது இருந்துவரும் சமயக் கூட்டமாதல் வேண்டும். அது தன்னைச் சார்ந்த எளியோரைத் தானே பேணுதல் வேண்டும். காப்புறுதியின் பயனைப் பெறுதல் மனச்சான்றுக்கு மாறென அதன் போதனை இருத்தல் வேண்டும். விலக்குக் கோருபவர் பயன்கள் யாவற்றையும் துறத்தல் வேண்டும். இவை நிறைவுறின், தம் சொந்தத் தொழில் செய்வார்க்கு அவ்வரி இல்லை.

"சொந்தத் தொழில் செய்வார்க்கு" என்ற அச்சொற்களிலேதான் அடுத்த வழக்குப் பிறந்தது. எட்வின் லீ என்பவர் அமிஷ் சபையைச் சேர்ந்த கமக்காரர், தச்சரும் ஆவர். 1970 முதல் 1977 வரை, தம் சபையார் சிலரைக் கமத்திலும் தச்சுப் பட்டறையிலும் வேலைக்கு அமர்த்தியிருந்தார். அவர்களுடைய கூலியிலிருந்து வரியைக் கழிக்கவுமில்லை. முதலாளியாகத் தாம் செலுத்தவேண்டிய பங்கைச் செலுத்தவுமில்லை. 1978 இல் திணைக்களம் அவரிடம் 27,000 டொலருக்கு மேற் கேட்டது. லீ 1973 ஆம் ஆண்டின் முதற் காலாண்டுக்குரிய 91 டொலரை மட்டும் செலுத்தி, அதனைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தார். முதலிற் செலுத்திப் பின்னர் மீளக் கேட்டல் அந்நாட்டு வரிவழக்குகளின் வழமையான வாயில்களுள் ஒன்று. மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது.

உயர் நீதிமன்றத்திலே லீயின் தரப்பினர்க்கு நம்பிக்கை இருந்திருக்கும். பத்தாண்டுகளுக்கு முன், 1972 இல், எட்டாம் வகுப்புக்கு மேற் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்காக விஸ்கொன்சின் மாநிலம் ஐந்து டொலர் வீதம் தண்டம் விதித்த அமிஷ் தந்தையரை அதே நீதிமன்றம் விடுவித்திருந்தது. அத்தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் வொரன் பேர்கர். 1982 பெப்ரவரி 23 ஆம் நாள் லீயின் வழக்கிலும் தீர்ப்பை எழுதியவர் அவரே. இம்முறை முடிவு மாறாயிருந்தது.

ஓய்வூதியம் பெறுதல் வேண்டுமானால் அமிஷ் சமயத்துக்கு முரணாகலாம், வரி செலுத்துதல் முரணாகாது என அரசுத் தரப்பு வாதிட்டது. வேதத்துக்கு உரைகாண்பது நீதிபதிகளின் வேலையன்று என்று கூறி, நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. லீயின் நம்பிக்கை மெய்யானது, வரி அதனைப் புண்படுத்துகின்றது என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே அவருக்கு எதிராகத் தீர்த்தது. சமயத்தின்மேல் விழும் சுமை ஒவ்வொன்றும் அரசியலமைப்புக்கு மாறாகாது. தம் விருப்பால் வாணிகத்தில் இறங்கினோர் தம் மனச்சான்றின் எல்லைகளைப் பிறரையும் கட்டும் சட்டத்தின்மேல் ஏற்றலாகாது. அமிஷ் முதலாளிக்கு விலக்களித்தால் அவருடைய நம்பிக்கை தொழிலாளர்மேற் சுமத்தப்பட்டதாகும் என்பன பேர்கரின் நியாயங்கள். அவற்றினும் வலியது ஒன்று: போரைப் பாவமென்று கொள்வோர், வரவுசெலவுத் திட்டத்திற் போருக்குச் செல்லும் விகிதத்தைத் தம் வருமான வரியிற் கழிக்கக் கேட்டால் எவ்வாறு மறுப்பது? இது வெறுங் கற்பனையன்று. போதகரும் சமாதானவாதியுமான ஏ. ஜே. மஸ்ரே 1948 முதல் அக்காரணத்தாலேயே வரி செலுத்த மறுத்து, 1961 இல் வரி நீதிமன்றத்திலே தோற்றிருந்தார்.

முடிவில் ஒன்பது நீதியரசரும் ஒன்றுபட்டனர். காரணத்தில் ஒருவர் வேறுபட்டார். அமிஷ் மக்கள் கொடாத வரியைவிட அவர்கள் கேளாத ஓய்வூதியத்தால் அரசுக்கு மிச்சம் மிகுதியாகும், எனவே இவ்விலக்கினால் நிதிக்குக் கேடில்லை என்று நீதியரசர் ஸ்டீவன்ஸ் சுட்டிக்காட்டினார். எந்தச் சமயத்தின் கோரிக்கை தகுதியுடையது என எடைபோடும் வேலையில் நீதிமன்றம் இறங்கலாகாது என்பதே அவருடைய அச்சம். அரசின் பெட்டி நிறையவேண்டும் என்னும் வாதத்தினும் இதுவே நேர்மையான வாதம் எனலாம்.

மீண்டும் சட்டமன்றமே வழிதிறந்தது. 1988 இல், வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் ஆகிய இருவரும் இத்தகைய சபையினராயின் இருவர்க்கும் விலக்கு உண்டு எனச் சட்டம் திருத்தப்பட்டது. லீ நீதிமன்றத்திற் பெறாததை அவர் போன்றோர் ஆறு ஆண்டுகளின் பின் கொங்கிரஸ் சபையிற் பெற்றனர். ஆனால் நிலம் அருகிவிட்ட இந்நாளிலே அமிஷ் இளைஞர் பலர் ஏரை விட்டுத் தொழிலகங்களுக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர். சபைக்குப் புறம்பான முதலாளியிடம் வேலைக்கு அமரும் அமிஷ் தச்சனுக்கு அவ்விலக்கு இல்லை. அவனுடைய கூலியிலிருந்து அந்த வரி இன்றும் கழிக்கப்படுகின்றது.