இணையப் பகுப்பாய்வுக் கருவியும் தரவுக் காட்சிப் பலகையும்

திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வேலை வேறு. மாட்டோமோ போன்ற தனியுரிமை பேணும் கருவி, இணையதளத்துக்கு வந்தவர்களை எண்ணும். குக்கி இல்லாமலும் இயங்கும். ஐபி முகவரியின் கடைசி எண்களை மறைக்கும். தரவைச் சொந்த சர்வரிலேயே வைக்கலாம். ஸோகோ அனலிட்டிக்ஸ், பவர் பிஐ ஆகியவை கையிலுள்ள கணக்கைப் படமாக்கும் காட்சிப் பலகைக் கருவிகள். எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டம் 2018 முதல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்று. அதன் வளர்ச்சியை 49 குறியீடுகளில் காட்டுவது இத்தகைய பலகையே. அங்குள்ள வத்தல், மல்லி வியாபாரிக்கும் மூட்டை, எடை, விலை பார்க்கக் காட்சிப் பலகையே போதும். இணையதளம் வழியாக விற்றால் மட்டுமே பகுப்பாய்வுக் கருவி வேண்டும். எதிலும் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை ஏற்றவே கூடாது.