கண்டிப் பெரஹராவும் இயங்குபடக் கணக்கும்

கண்டி மாநகரின் எசல பெரஹராவை நேரிற் காண இயலாதவர்க்கு அதனைக் காட்டும் முயற்சி ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு வரலாறுடையது. 1660 ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் யானைகளும் மேளகாரரும் ஆடுவோரும் அணிவகுக்கும் இவ்விழாவைச் சொற்களால் வரைந்து காட்டினார். அவர் கண்டது தெய்வங்களின் விழா. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேயே (1747–1782) புனித தந்த தாதுவின் ஊர்வலம் அதன் முன்னணியில் இணைந்தது. நாதன், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து இன்றும் செல்கின்றன. கதிர்காமத் தேவாலய ஊர்வலத்திற் காவடியாட்டம் இடம்பெறுவதை யாவரும் அறிவர்.

சொல்லுக்கு அடுத்து வந்தது படச்சுருள். 1934 இல் பசில் றைற் என்பார் ‘இலங்கையின் பாடல்’ என்னும் ஆவணப்படத்தை ஆக்கினார். சிவனொளிபாதமலை ஏறும் அடியார்களும் கண்டி நடனமும் அதில் இடம்பெற்றன. அப்படத்துக்கு உரையாக அமைந்தது நொக்ஸின் எழுத்தேயாகும். அதனை வாசித்தவர் இலங்கைக் கலைஞர் லயனல் வென்ற். இவ்வாறு பழைய சொல்லும் புதிய படமும் ஒன்று சேர்ந்தன.

இயங்குபடம் என்பது உண்மையில் இயங்குவதன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களைக் கண் இயக்கமாகக் கொள்கிறது. பேசும்படம் தோன்றியபின் செக்கனுக்கு 24 படம் என்பது பொது வழக்காயிற்று. இதிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே: அடுத்த படம் தனக்குரிய கணம் தவறாது வருதல் வேண்டும். தவறின் காட்சி தட்டித் தடங்கும். இவ்விதி திரையரங்கிற் பொறிமுறையால் நிறைவேறியது. படச்சுருளை ஒரே சீராக இழுக்கும் பற்சக்கரமே அதன் காவலன்.

1979 இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் யப்பானிய உதவியுடன் ரூபவாகினி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுறுதலாகலையில் அதன் அஞ்சற் கோபுரம் நிறுவப்பட்டது. தொலைக்காட்சியிற் செக்கனுக்கு 25 படம். ஆகவே ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் செக்கனில் 25 இல் ஒரு பங்கு. வானலையின் தாளமே இங்கு பற்சக்கரமாயிற்று.

படம் எண்ணாக மாறியபோதே பெருஞ்சிக்கல் எழுந்தது. முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1920 க்கு 1080 என்னும் அளவில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 24 பிற்று எனவும் செக்கனுக்கு 25 படம் எனவும் கொண்டால், ஒரு செக்கனில் ஏறத்தாழ 124 கோடி பிற்றுகள் செல்லவேண்டும். இணையவழி நேரலைக்குச் செக்கனுக்கு 50 இலட்சம் பிற்றுகள் கிடைப்பதாகக் கொண்டால், படத்தை ஏறக்குறைய 250 இல் ஒரு பங்காகச் சுருக்குதல் வேண்டும்.

இச்சுருக்கத்துக்கு அடிகோலிய கணிதத்தில் தென்னிந்தியக் கல்வியின் பங்கு பெரிது. பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றுகையில், கோசைன் அலைகளைக்கொண்டு படத்தைப் பகுக்கும் முறையை ஆராய விரும்பி 1972 இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிதியத்திடம் உதவி கோரினார். உதவி மறுக்கப்பட்டது. எனினும் அவர் ஆய்வைக் கைவிட்டாரல்லர். அவருடைய மாணவர் த. நடராஜன், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ‘தனித்த கோசைன் உருமாற்றம்’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். ஒரு சிறு கட்டத்திலுள்ள புள்ளிகளைப் பருமையான மாற்றங்கள், நுண்ணிய மாற்றங்கள் எனப் பிரித்து, கண் உணராத நுண்மைகளை விடுத்துவிட இம்முறை வழிசெய்தது. 1988 இன் எச்.261, 2003 இன் எச்.264, 2013 இன் எச்.265 ஆகிய நியமங்கள் யாவும் இவ்வுருமாற்றத்தையோ அதன் வழிவந்த வடிவங்களையோ அடிப்படையாகக் கொண்டவை. அவற்றோடு, முந்திய படத்தின் எப்பகுதி எங்கே நகர்ந்தது என்று தேடிக் குறிக்கும் முறையும் சேர்ந்தது.

இத்தேடலே கணினிக்குப் பெரும் பாரம். எச்.264 முறையில் முழு உயர்தெளிவுப் படம் ஒன்று 8,160 கட்டங்களாகப் பிரிகிறது. செக்கனுக்கு 2,04,000 கட்டங்கள். எல்லாப் பணிகளையும் செய்யும் மையச் செயலி, இதனையும் தானே செய்ய முற்படின் தளர்வது இயல்பே. ஆகவே இவ்வொரு பணிக்கென்றே தனிச் சுற்றுகள் அமைக்கப்பட்டன. 2011 இல் இன்ரெல் நிறுவனம் தன் செயலியினுள்ளே அத்தகைய சுற்றைச் சேர்த்தது; 2012 இல் என்விடியாவின் வரைவியற் சில்லுகளிலும் அது இடம்பெற்றது. பெரஹராவிற் சாட்டை வீசுவோர், தீவட்டி ஏந்துவோர், மேளம் முழக்குவோர் என ஒவ்வொரு குடிக்கும் தனிக்கடமை வகுத்த கண்டியின் பழைய இராசகாரிய முறையை இது நினைவூட்டுகிறது. தன் கடமையில் அச்சுற்று மிக விரைவுடையது. பிறர் கடமையை அது அறியாது. 2011 ஆம் ஆண்டுச் சில்லு எச்.264 ஐ எளிதாக விரிக்கும். அதன்பின் தோன்றிய எச்.265 ஐயோ 2018 இல் வந்த ஏவி1 ஐயோ அதனால் விரிக்க இயலாது. அப்போது பாரம் முழுவதும் மையச் செயலிமீது வீழ்கிறது; காட்சி தட்டித் தடங்குகிறது.

இவ்வரலாற்றை அறிந்தோர் குறையைக் காணும் முறையும் அறிவர். கணினியிற் சேமித்த படம் சீராக ஓடி, இணையப்படம் மாத்திரம் தடங்கின் குறை பெரும்பாலும் இணைப்பைச் சார்ந்தது. சேமித்த படமும் தடங்கி, மையச் செயலி முழுப்பாரமும் சுமக்கையில் காணொளிச் சுற்று வாளா இருப்பின், இயக்கி மென்பொருளைப் புதுப்பித்தலும், உலாவியில் வன்பொருள் முடுக்கத்தை இயக்குதலும், எச்.264 வடிவத்தைத் தெரிதலும் தக்கன. தொடக்கத்தில் நன்றாக ஓடிச் சற்று நேரத்தில் தளரும் கணினியில் வெப்பத்தையும் விசிறியிற் படிந்த தூசியையும் நோக்குதல் வேண்டும். பதிவு செய்யும்போதே படங்கள் விடுபட்டிருப்பின், எச்சில்லும் அவற்றை மீட்டுத்தராது.

இக்கடைசிக் கூற்றின் பொருள் 2020 ஆம் ஆண்டு நன்கு விளங்கியது. கொள்ளைநோய் காரணமாக அவ்வாண்டுப் பெரஹரா பொதுமக்களின்றி நடைபெற்றது. வீதியோரத்தில் இடம் பிடித்து அமர்ந்து காணும் வழக்கமுடைய மக்களுக்குத் திரையே வீதியாயிற்று. இரவின் இருளும், இடைவிடாது அசையும் தீச்சுடரும், சிதறும் பொறியும், சுழலும் ஆடையும் சுருக்கக் கணக்குக்குக் கடினமானவை. யானை நகர்ந்த இடத்தைக் குறிப்பது எளிது. சுடருக்கோ முந்திய படத்தில் ஒப்புமை கிடைப்பது அரிது. காலம் குறைந்த நேரலையில் தனிச்சுற்றே துணை; தாமதத்தை அது தவிர்க்கிறது. ஆயினும் ஒரே அளவு பிற்றுகளைக்கொண்டு, காலம் எடுத்துத் தேடும் மென்பொருள் பொதுவாக அதனினும் தெளிந்த படத்தைத் தரவல்லது. ஆகவே நேரலைக்கு விரைவும் ஆவணத்துக்குப் பொறுமையும் வேண்டப்படும். நேரலைக்கெனச் சுருக்கிய படத்தையே வருங்காலத்துக்கும் வைத்துவிடுவோமாயின், தீவட்டியின் ஒளி சதுரக் கட்டங்களாகச் சிதைந்த காட்சியே பின்னோர்க்கு எஞ்சும். நொக்ஸின் சொற்கள் 1681 முதல் சிதையாது நின்றன. இன்றைய பதிவுகளும் அத்துணைக் காலம் நிற்கவேண்டுமாயின், மூலப்பதிவைச் சுருக்கத்துக்கு முன்னரே பேணிவைப்பது கல்வி நிலையங்களின் கடனாகும்.