மூணாற்று எழிலும் முன்னோர் உழைப்பும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். அவர்கள் மலையும் மலை சார்ந்த இடமும் ஆகிய நிலத்திற்கு, அங்கே பூக்கும் ஒரு பூவின் பெயரையே சூட்டிக் குறிஞ்சி என்றனர். அந்தக் குறிஞ்சி இன்றும் மலைச்சரிவு முழுவதும் நீலப் பட்டு விரித்தாற்போலப் பூக்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாய ஒன்று, மூணாற்றைச் சூழ்ந்த உயர்மலை நாடு. இன்று கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், நம் தேனி மாவட்டத்து எல்லையை அடுத்து, அது அமைந்திருக்கிறது.

தொலைவிலுள்ள நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உறவினர் இல்லங்களையும் திருத்தலங்களையும் கண்டு மீள்வது வழக்கம். அப்பயணத்தில் மூன்று நாட்களை ஒதுக்கினால் இம்மலை நாட்டையும் கண்டு வரலாம். 2023-ஆம் ஆண்டு முதல் போடிநாயக்கனூர் வரை புகைவண்டி மீண்டும் ஓடுகிறது. அங்கிருந்து மலைச்சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் மூணாறு. காணத்தக்க இடங்கள் அங்கே பல உண்டு. அவ்விடங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. பிழைப்பு நாடி ஊரை விட்டு அயல்நிலம் சென்றவர்களின் வரலாறு அது. ஆதலின் நம் வரலாற்றுக்கு நெருங்கிய உறவினது. இடத்தையும் வரலாற்றையும் ஒருசேரக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று ஆறும் ஒரு குத்தகையும்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடம் ஆதலின் மூன்றாறு எனப் பெயர் பெற்று, அது வழக்கில் மூணாறு ஆயிற்று. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் அது. முருகன் கோயிலும், மாதா கோயிலும், பள்ளிவாசலும், கடைத்தெருவும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். விடுமுறை நாட்களில் இக்காலத்தே கூட்டம் மிகுதி. அதனைத் தவிர்த்துச் சென்றால் ஆற்றின் ஒலியை இன்றும் கேட்கலாம். அமைதி வேண்டுவோர் எட்டுக் கிலோமீட்டருக்குள் உள்ள தேவிகுளத்தில் தங்குவதும் நன்று. சீதாப்பிராட்டி நீராடிய குளம் என மக்கள் போற்றும் ஏரி ஒன்று அங்கே உண்டு.

வெள்ளையர் வருவதற்கு முன்னரே இம்மலைகளில் மக்கள் வாழ்ந்தனர். மதுரைப் பக்கமிருந்து வந்தோம் என்று தம் வரலாறு கூறும் முதுவர் குடியினர் காடுகளில் வாழ்ந்தனர். வடக்கே மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டில் உழவர் வாழ்ந்தனர். மலையின் உரிமை பூஞ்சாற்று அரசரிடம் இருந்தது. அவ்வரச மரபினர் தம்மைப் பாண்டியர் வழியினர் என்பர்.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்புள்ள மலைநாடு ஓர் ஆவணத்தால் கை மாறியது. காப்பியும் சின்கோனாவும் முதலில் பயிரிடப்பட்டன. 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் இடத்தில் தேயிலையை நட்டார். அதுவே இந்த மலைக்கு ஏற்ற பயிர் என்பது விரைவில் விளங்கிற்று. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. காடு அழிந்தது, சரிவுகள் எல்லாம் தேயிலையாயின. இன்று நாம் பச்சைக் கம்பளம் என்று வியக்கும் காட்சி, இவ்வாறு மனிதர் கைகளால் ஆக்கப்பட்டதே.

அணைகளும் அழிந்த இருப்புப்பாதையும்

மூணாற்றிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, ஒரே பகலில் பல காட்சிகளைக் காட்டவல்லது. முதலில் வருவது மாட்டுப்பட்டி. அதன் நீர்த்தேக்கம் 1950-களில் எழுந்தது. 1963-இல் இந்திய சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தின் கீழ் அங்கே கால்நடைப் பண்ணை தொடங்கிற்று. அதனைக் கடந்தால் குண்டளை ஏரி. அது 1940-களில் கட்டிய அணையால் ஆயது. இவ்விரு தேக்கங்களின் நீரும் பள்ளிவாசல் மின்நிலையத்திற்குப் பயன்படுகின்றது. 1940-இல் மின்னாக்கம் தொடங்கிய அப்பள்ளிவாசல் திட்டமே திருவிதாங்கூரின் முதல் பெரும் நீர்மின் திட்டம்.

மேலும் சென்றால் சாலையின் முடிவில் டாப் ஸ்டேஷன் வரும். மலை அங்கே செங்குத்தாக இறங்க, கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி மேகத்தினூடே தோன்றும். புகைவண்டியே இல்லாத இடத்திற்கு ஸ்டேஷன் என்னும் பெயர் ஏன் என்று குழந்தைகள் வினவுவர். அதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு.

தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்வது அக்காலத்தில் பெருந்துன்பமாக இருந்தது. அதனால் 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்து, எருதுகள் இழுக்க வண்டிகளை ஓட்டினர். 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. நீராவி எஞ்சின் மலையேறிற்று. அப்பாதை முடியும் இடமே மேல் நிலையமாகிய டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர்ப் போடிநாயக்கனூர் சேர்ந்தன. இக்கொட்டகுடி, அஞ்சுநாட்டுக் கொட்டகுடியினின்றும் வேறானது. போடி மலையடிவாரத்து ஊர்.

1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலைநாடு காணாத மழை பெய்தது. மலையாள ஆண்டு 1099 ஆதலின், கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் குறிப்பிடுவர். மலைகள் சரிந்தன, இருப்புப்பாதை சிதைந்தது, கோதமங்கலத்திலிருந்து வந்த பழைய சாலையும் அழிந்தது. அதன்பின் அவ்விருப்புப்பாதை மீண்டும் எழவில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக எஞ்சி நிற்கிறது. மலையுச்சியில் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆனைமுடியும் வரையாடும்

மூணாற்றின் வடபால் அமைந்தது இரவிகுளம் தேசியப் பூங்கா. இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், யானையின் மத்தகம்போல் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. மேட்டில் புல்வெளியும் மடிப்புகளில் அடர்ந்த குறுங்காடுமாக அமைந்த நிலம் அது. அக்குறுங்காட்டைக் குறிக்கத் தமிழ்ச் சொல்லாகிய 'சோலை' என்பதையே உலகத்து அறிவியலாளர் எடுத்தாளுகின்றனர். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் காத்து, கோடையிலும் ஆறுகளுக்கு ஊட்டுவது இந்தச் சோலையும் புல்லுமே.

தோட்டத் துரைமார் தம் வேட்டைக்கென ஒதுக்கி வைத்திருந்த நிலம் இது. முதுவர்களே அதன் காவலராய் இருந்தனர். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பயிரிடாத நிலங்களை அரசு மீட்டது. 1975-இல் இது விலங்குகளுக்குரிய சரணாலயமாயிற்று; 1978-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பரப்பு 97 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு உலகிலேயே மிகுதியாக வாழும் இடம் இதுதான். இராசமலைப் பகுதிக்குப் பூங்காவின் வண்டியிலேயே செல்ல வேண்டும். குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் பூங்காவை மூடிவிடுவர் என்பதை நினைவிற் கொள்க.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இங்கே பூத்தது. இக்கணக்குப்படி அடுத்து 2030-இல் பூக்கும். வட்டவடைப் பக்கத்தில் குறிஞ்சிக்கென்றே 2006-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சீகை, யூக்கலிப்டஸ் முதலிய அயல்மரங்கள் புல்வெளியை விழுங்குவதால் குறிஞ்சிக்கு உரிய இடம் சுருங்கி வருகிறது. பூவைக் காணச் செல்வோர் அதனைப் பறிப்பதும் மிதிப்பதும் அக்கேட்டினை மிகுவிக்கும்.

பூங்காவைக் கடந்து வடக்கே இறங்கும் சாலை லக்கம் அருவியைக் காட்டி மறையூரில் சேர்க்கும். அங்கே இயற்கையாய் வளர்ந்த சந்தனக் காடு உண்டு. பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பெருங்கற்காலக் கல்லறைகளை மக்கள் முனியறை என்பர். கரும்பு ஆலைகளில் வெல்லம் காய்ச்சுவதையும் காணலாம்; மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்பால் மழை மறைந்த சின்னாற்றுக் காடு. அவ்வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்கிவிடலாம்.

கல்லில் பெயரில்லாதவர்

மூணாற்றில் பழைய கிறித்துவக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. எலினர் இசபெல் மே என்னும் ஆங்கிலப் பெண்மணி, தோட்ட மேலாளர் நைட் என்பவரின் இளமனைவி, 1894-இல் வாந்திபேதியால் இறந்து முதன்முதல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1910-இல் தொடங்கிய தேவாலயம் அவர் கல்லறைக்குப் பின்னரே எழுந்தது. அந்த இளம்பெண்ணுக்காக இன்றும் நெஞ்சு இரங்குகின்றது. அதே மலையில், அதே குளிரிலும் நோயிலும் மாண்ட தொழிலாளர் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த கல் கிடைத்தது?

காட்டைத் திருத்தியவர், செடி நட்டவர், பாதை வெட்டியவர், கொழுந்து பறித்தவர் யாவர்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் திரட்டி அழைத்து வந்த ஏழை மக்களே. வானம் பொய்த்த ஊரில் வயிறு காயாதிருக்க, முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு மலையேறினர். வரிசை வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயங்களில் ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் கேரளத்தில் அமைந்தது. அங்குள்ள தமிழர் அன்று முதல் வேற்று மாநிலத்தில் தாய்மொழி காக்கும் மக்களாயினர்.

தலைமுறைகள் சென்றன. இருந்தும் லயத்து வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். பிள்ளை ஒருவர் தோட்டத்தில் வேலை ஏற்றால்தான் கூரை நிலைக்கும். வளர்த்த மலையில் ஒரு சாண் மண்ணும் அவர்க்கு உரிமையில்லை. 2005-இல் தோட்டங்கள் தொழிலாளரும் பங்கு பெறும் புதிய நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், நூற்றுக்கு இருபது ஊக்கத்தொகை வேண்டி ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கித் தாமே முன்னின்று, கேட்டதைப் பெற்றனர். நாடு முழுவதும் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராசமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறங்கியவாறே 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலார் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து மூதாதையர் சுமந்து வந்த குடும்பப் பெயர்கள் ஒரே இரவில் மண்ணுள் புதைந்தன.

காணும் முறை

மூணாறு செல்லும் நம் குடும்பங்கள் சில கடமைகளை மேற்கொள்ளுதல் நலம். மலையில் ஞெகிழிக் குப்பையை விடாதிருத்தல் முதற்கடமை. காட்டினுள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லாமை இரண்டாவது. ஆடித் திங்கள் முதல் ஆவணி வரை கடுமழையும் மண்சரிவும் உண்டு. அக்காலத்தில் பயணத்தை ஒத்திவைத்தல் அறிவுடைமை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாரைக் கண்டால், இசைவு கேளாமல் நிழற்படம் எடுக்க விரையாதீர்கள். தமிழிலேயே நலம் வினவுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். பாட்டன் பிறந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள். அது உங்கள் ஊருக்கு அடுத்த ஊராகவும் இருக்கலாம்.

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். எழுத்தும் கணக்கும் தொழிற்கல்வியும் நமக்குக் கைகொடுத்தன. நகரம் நமக்கு வீடும் மன்றமும் தந்தது. ஆண்டுதோறும் கூடி விழா எடுக்கிறோம். இரண்டு கைகளையன்றி வேறு முதலின்றி மலையேறியவர் அவர்கள். நம் வீட்டுக் காலைத் தேநீரில் அவர்கள் உழைப்பின் சாரம் இருக்கிறது. மூணாற்று எழிலைக் கண்டு களிக்கும்போது, அவர்க்கு ஓய்வுக் காலத்தில் ஒரு வீடும், பிள்ளைகளுக்குக் கல்வியும் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு நம் குரலையும் சேர்ப்பது, நாம் அம்மலைக்குச் செலுத்தும் நன்றிக் கடனாகும்.

மலையும் வாழ்க! மலையை வளர்த்த மக்களும் வாழ்க!