குருவிகளின் காண்டம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்கு வருபவர்கள், மரக்காணத்தைத் தாண்டியபின் முதலில் மிதிக்கும் புதுவை மண் கனகசெட்டிக்குளம். அங்கிருந்து காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று சிறிது தூரம் புதுவை. பின்னர் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று மீண்டும் தமிழ்நாடு. அதன் பிறகே நகரம். ஒரே நேர்கோட்டுச் சாலையில் அரை மணி நேரத்திற்குள் இரண்டு அரசுகள் மாறிமாறி வந்து போகின்றன. நிலத்தில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. பனைகள், சவுக்குத் தோப்புகள், கிழக்கே அதே கடல். மாறுவது சாராயத்தின் விலையும் அதன்மீதான வரியும்தான். எல்லைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டச் சொல்லும்போது நம்மில் பலருக்கும் எரிச்சல் வந்திருக்கும். ஆனால் அந்தப் பைச் சோதனைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நாம் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்து, சாவடியில் தொடங்குவது அதனால்தான்.

பிரெஞ்சு இந்தியாவின் நிலப்பரப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஊருக்கு ஊர் எல்லை. எல்லைக்கு எல்லை வரி. 1941 இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டபோது இந்தச் சிக்கல் தற்காலிகமாகத் தணிந்தது. இந்தியா விடுதலை அடைந்தபின், 1949 இல் அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. புதுச்சேரி மீண்டும் வரியில்லாத் துறைமுகம் ஆயிற்று; அதைச் சுற்றி இந்திய அரசின் சுங்க வேலி எழுந்தது. 1954 நவம்பர் 1 இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறும் வரையிலான அந்த ஐந்தரை ஆண்டுகளில் தங்கமும் வைரமும் வெளிநாட்டுச் சரக்குகளும் இந்த எல்லைகளின் வழியே கசிந்தன. இதற்கு இணையாக இன்னொரு கதையும் ஓடியது. 1948 இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு மண்ணில் மது தாராளமாகக் கிடைத்தது. சுங்க வேலி போனபிறகும் இந்த வேறுபாடு போகவில்லை. தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பவும் வந்து, 1981 இல் மறுபடி கடைகள் திறந்தன. இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகும் எல்லைக்கு இப்பால் சரக்கு மலிவு என்ற ஒரு செய்தி மட்டும் மாறவே இல்லை.

இத்தகைய கடத்தலில் எப்போதும் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. பணம் போட்டுச் சரக்கை அனுப்புகிறவர் ஒருவர். அதைத் தன் உடம்போடு சுமந்து எல்லை தாண்டுகிறவர் இன்னொருவர். இரண்டாமவருக்குத் தமிழில் அழகான ஒரு பெயர் இருக்கிறது: குருவி. அயல்நாட்டிலிருந்து சரக்கு கொண்டு வருபவர்களுக்கு வழங்கும் சொல் அது. குருவிக்குச் சரக்கின்மேல் உரிமை இல்லை. கிடைப்பது கூலி மட்டும். பிடிபட்டால் சிறை. சரக்கு தொலைந்துவிட்டால் சிறையைவிடப் பெரிய ஆபத்து. சட்டத்திற்குப் புறம்பான வணிகத்தில் வழக்குத் தொடுக்க நீதிமன்றம் கிடையாது, ஈடு கேட்க ஆவணமும் கிடையாது. நட்டத்தை மன்னித்தால் அடுத்த குருவியும் தொலைத்துவிட்டதாகவே சொல்வான். ஆகவே முதலாளியின் கோபத்தை வெறும் குரூரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது அவருடைய கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம்.

நம் சினிமா இந்த இருவரில் யாரை எடுத்துக்கொண்டது என்பது யோசிக்கத்தக்கது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக இருந்த ஹாஜி மஸ்தான், ‘தீவார்’ (1975) நாயகனுக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. சுமைகூலியாகப் பம்பாயில் வாழ்வைத் தொடங்கி கள்ளச்சாராய வணிகத்தில் எழுந்த வரதராஜ முதலியாரின் சாயல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில் உண்டு. இருவருமே சுமந்தவர்களாகத் தொடங்கியவர்கள். ஆனால் அவர்கள் சுமக்கச் செய்பவர்களாக உயர்ந்தபின்தான் அவர்களைத் தேடிக் கதை வந்தது. உயராமல் போனவர்கள் பின்னணியில் சுடப்பட்டு விழும் துணை நடிகர்களாகவே மிஞ்சினர்.

2011 ஜூன் 10 அன்று வெளியான தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ இந்த வரிசையைத் தலைகீழாக்கியது என்று கருதுகிறோம். வடசென்னையில் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நிகழும் கதை. முதுமை எய்திய தாதா சிங்கப்பெருமாள் (ஜாக்கி ஷெராப்), அவருடைய ஆள் பசுபதி (சம்பத் ராஜ்), எதிரணியின் கஜேந்திரன். இவர்களுக்கு நடுவே ஒரு பை கொக்கெய்ன். அந்தப் பை தற்செயலாக இருவர் கையில் சிக்குகிறது. சேவல் சண்டையை நம்பிப் பட்டணம் வந்து விடுதியில் தங்கியிருக்கும் நொடித்துப்போன காளையனும் அவருடைய சிறுவயது மகன் கொடுக்காப்புளியுமே அவர்கள். கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம் காளையனாகவும் மாஸ்டர் வசந்த் மகனாகவும் நடித்தனர்.

பையை விலையாக்க முனையும் காளையன் பிடிபடுகிறார். இந்த இடத்தில்தான் சில்லறை மனிதனின் இக்கட்டு முழுமையாகத் தெரிகிறது. பொருளை வைத்துக்கொண்டால் சாவு. திருப்பிக் கொடுக்கப் போனால், எடுத்தவன் தான்தான் என்ற ஒப்புதல் வாக்குமூலம். அவருக்கு எந்தக் கும்பலோடும் பகை இல்லை; யாரையும் எதிர்க்கும் எண்ணமும் இல்லை. தனதல்லாத ஒன்றைத் தொட்டுவிட்டார், அவ்வளவுதான். தந்தையை மீட்கப் பெரியவர்களோடு பேரம் பேசப் புறப்படுவது அந்தச் சிறுவன். குடிகாரத் தகப்பனிடம் அவனுக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் தன் தகப்பன் என்கிற ஒரே காரணம் அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது. இன்னொரு புறம், சிங்கப்பெருமாளின் வீட்டில் அடைபட்டிருக்கும் சுப்பு (யாஸ்மின் பொன்னப்பா). எல்லாருடைய கணக்கிலும் மிகக் கீழே இருந்த அவளே இறுதியில் எல்லாக் கணக்குகளையும் விஞ்சி வெளியேறுகிறாள்.

சிறிய திருடர்கள் பெரிய கும்பலின் பாதையில் இடறி விழும் கதை உலக சினிமாவுக்குப் புதிதல்ல. கய் ரிட்சியின் ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ (1998) அதை ஆங்கிலத்தில் கேலிக்கூத்தாகவே நடத்திக் காட்டியது. குமாரராஜாவின் படத்திலும் நகைச்சுவை நிறையவே உண்டு. ஆனால் காளையன் அடிவாங்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

படத்தின் சொந்தக் கதையும் சிறியவன் பெரிய வாசல்களில் நின்ற கதைதான். எஸ்.பி.பி. சரண் தயாரித்த இப்படம் 2010 இல் நியூயார்க்கின் தெற்காசியத் திரைவிழாவில் நடுவர் குழுவின் விருதைப் பெற்றது. இங்கே தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டன. படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை செல்ல வேண்டியிருந்தது. பாடல்களே இல்லாத அந்தப் படம் திரையரங்குகளில் நிற்கவில்லை. 59 ஆவது தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்பாளர் பிரவீனுக்கும் விருதுகள் கிடைத்தபோது அரங்குகளில் படம் இல்லை. ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் ‘சூது கவ்வும்’ (2013), ‘மூடர் கூடம்’ (2013) என்று சில்லறைத் திருடர்கள் தமிழ்த் திரையில் தைரியமாக நடமாடத் தொடங்கினர். கதவைத் திறந்து வைத்ததில் தோற்றுப்போன இந்தப் படத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

மீண்டும் சாவடிக்கே வருவோம். 2023 மே மாதம், கனகசெட்டிக்குளத்திற்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் மீனவர்கள். குருவிக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் என்பதை அப்போது உணர்ந்தோம். அவன் எதையும் திருடவில்லை, எவர் கோபத்திற்கும் ஆளாகவில்லை. வேலை முடிந்து, மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்தான். கடத்தல் மன்னர்களைப் பற்றிப் படங்கள் வந்துவிட்டன. சில்லறைத் திருடனுக்கும் ஒரு நல்ல படம் வாய்த்துவிட்டது. எக்கியார்குப்பத்து மீனவனின் கதையை இன்னும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அந்தச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது, எரிச்சலுக்கு நடுவே அவனையும் சற்று நினைத்துக்கொள்வோம்.