காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம்

காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686.40 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த இது மாநிலத்தின் 17ஆவது சரணாலயம். ஒருபுறம் 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு சரணாலயம், மறுபுறம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம். இடையில் விட்டுப்போயிருந்த காட்டை இது சேர்த்துக்கொண்டது. யானை இப்போது மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று நீலகிரி வரைக்கும் காடு விட்டுக் காடு போகலாம். 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் இங்கே பதிவாகியுள்ளன. நாற்கொம்பு மான், ஆற்று நீர்நாய், முதலை, லீத் மெல்லோட்டு ஆமை ஆகியவை அரிதானவை.

ஏற்கெனவே காப்புக்காடுதானே, புதுப் பெயர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26அ பிரிவில்தான் விடை இருக்கிறது. அதன்படி அறிவித்த சரணாலயத்தின் எல்லையைத் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநில அரசு மாற்ற முடியாது. அமெரிக்கா 1964இல் இயற்றிய வனாந்தரச் சட்டம் சாலையும் கட்டடமும் இல்லாத நிலத்தை அப்படியே விட்டுவைக்கப் பார்க்கிறது. நம் காடுகளிலோ ஆட்களும் மாடுகளும் தலைமுறைகளாக நடந்த தடம் உண்டு. ஆலம்பாடி மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தவர்களுக்குச் சரணாலயம் என்ற சொல் முதலில் மேய்ச்சல் தடையாகவே காதில் விழுகிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காடுகளிலும் விதித்த மேய்ச்சல் தடையைப் பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது.

பாலக்கோடு வட்டம் இந்தக் காடுகளின் ஓரத்தில் இருக்கிறது. பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி வரும் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. ராகி கதிர் முற்றும் மாதங்களில் யானைக் கூட்டம் வயலுக்கு இறங்கும். பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக ஆட்கள் விடிய விடியக் காவல் கிடப்பார்கள். அறிவிப்பில் போட்ட கோடு யானைக்குத் தெரியாது.

2023 மார்ச்சில் இதே வட்டத்து மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில், விளைநிலத்தின் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன; உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. சோலார் வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். உதைக்குமே தவிரக் கொல்லாது. விவசாய இணைப்பிலிருந்து நேராக இழுத்த கம்பி அப்படியல்ல, தொட்டதை விடாது. அதே ஆண்டு அரசு மின்வேலிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது: காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போடவும் இனி வனத்துறையின் அனுமதி வேண்டும்.